சம்மருக்கு எங்கே போவது: ஒரு இ.சி.இ மாணவிக்கு வந்த நாலு இன்டர்ன்ஷிப்

என் அக்கா மகள் திருச்செங்கோடு பக்கம் ஒரு கல்லூரியில் மூன்றாம் வருடம் இ.சி.இ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே போன். "மாமா, நாலு இன்டர்ன்ஷிப் வந்திருக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள டிபார்ட்மென்டுக்குப் பேர் கொடுக்கணும், எதை எடுக்கட்டும்?" நான் ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன், புதுப் பிள்ளைகளை இன்டர்வியூ எடுக்கும்போது மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு, அதனால் சொந்தத்தில் யாருக்கு இந்த மாதிரி குழப்பம் வந்தாலும் போன் என்னிடம்தான் வரும். அவளிடம் ஒரு மணி நேரம் பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். இதே கேள்வியோடு முழித்துக்கொண்டிருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் ஆகட்டும்.

அவள் கையில் இருந்தவை இவை. ஆன்லைனில் ஒரு மாதம், நாம்தான் 1,499 ரூபாய் கட்ட வேண்டும், பணம் கட்டிய அன்றே ஆஃபர் லெட்டர், முப்பதாம் நாள் சர்ட்டிஃபிகேட். அடுத்தது ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் இரண்டு வாரம் இன்பிளான்ட் டிரெய்னிங் (தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்துப் பழகுவது), அவள் அப்பாவின் நண்பர் ஒருவர் வழியாக. மூன்றாவது ஈரோட்டில் விசைத்தறியில் பூ வேலைப்பாடு நெய்கிற ஜக்கார்டு எந்திரங்களுக்கு கன்ட்ரோல் போர்டு செய்து கொடுக்கிற, மொத்தமே பதினெட்டு பேர் இருக்கிற ஒரு யூனிட். இரண்டு மாதம், காசு கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. நாலாவது இந்தக் கோடைக்கே இல்லை: எட்டாம் செமஸ்டரில் ஆறு மாதம், சென்னை ஓ.எம்.ஆரில் (ஐ.டி கம்பெனிகள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலை) ஒரு பெரிய கம்பெனி, மாதம் 12,000.

நாலில் எதில் பெயர் பெரியது, எதில் பணம் வரும் என்று அவள் ஒரு அட்டவணையே போட்டு வைத்திருந்தாள். நான் அதைப் பார்க்கவில்லை. ஒன்றுதான் கேட்டேன்: "நீ ஒரு வேலையைத் தப்பா செஞ்சா, இந்த நாலு இடத்துல எங்கே, யாரு, எவ்வளவு நேரத்துல கண்டுபிடிப்பாங்க?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "ஆன்லைன்ல யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க மாமா" என்றாள். சரி, அப்போது அதை முதலில் ஒதுக்கிவிடலாம்.

ஒதுக்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை, ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் இதற்குப் பணம் கட்டினவன். இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு பயிற்சி நிலையத்தில் 2,000 ரூபாய் கட்டி பத்து நாள் 'எம்பெடட் சிஸ்டம்ஸ்' படித்தேன். ஒரு எல்.இ.டி-யை விட்டு விட்டு எரிய வைத்தோம், அதோடு சரி. தங்க நிற ஓரம் போட்ட சர்ட்டிஃபிகேட்டை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். இப்போது அதே வியாபாரம் வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டது: கால்குலேட்டர் செய், டிக்-டாக்-டோ செய், உன்னைப் பற்றி ஒரு வெப் பேஜ் செய், ஆஃபர் லெட்டரைப் படம் எடுத்து லிங்க்ட்இன்னில் போட்டு எங்களை டேக் பண்ணு. செய்ததை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை, யூடியூபில் பார்த்து அப்படியே எழுதினாலும் சர்ட்டிஃபிகேட் வரும். இது இவ்வளவு பெருகியதற்குக் காரணம் பிள்ளைகளின் சோம்பேறித்தனம் இல்லை. பொறியியல் கல்லூரிகளுக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ 2018-ல் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டத்திலும் அடுத்து வந்த இன்டர்ன்ஷிப் கொள்கையிலும் இன்டர்ன்ஷிப்புக்கு கிரெடிட் (டிகிரி வாங்கச் சேர்க்க வேண்டிய புள்ளி) வைத்தார்கள், நல்ல எண்ணம்தான், ஆனால் வருடத்துக்கு லட்சக்கணக்கில் வெளியே வரும் பிள்ளைகளுக்கு அத்தனை இடம் எந்தத் தொழிற்சாலையில் இருக்கிறது? காகிதம் கட்டாயம் என்றானதும் காகிதம் விற்க ஆள் வந்துவிட்டார்கள். இன்டர்வியூவில் ரெஸ்யூமில் இப்படி நாலு ஐந்து ஒரு மாத இன்டர்ன்ஷிப்பைப் பார்த்தால் நான் அந்தப் பக்கமே போவதில்லை, பிள்ளை மேல் கோபமும் இல்லை, ஆனால் அதைப் பற்றிக் கேட்க எனக்கு ஒன்றுமே இருக்காது.

பொதுத்துறை இன்பிளான்ட் டிரெய்னிங் வேறு ரகம். நெய்வேலி, பாய்லர் செய்கிற திருச்சி பெல், ரயில் பெட்டி செய்கிற பெரம்பூர் ஐ.சி.எஃப், பி.எஸ்.என்.எல் பயிற்சி மையம் என்று நம் ஊர் பொறியியல் பிள்ளைகள் தலைமுறையாகப் போய்வருகிற இடங்கள் இருக்கின்றன. சில இடங்களில் இதற்கும் கட்டணம் உண்டு, ஆனால் அது பெரிய தொகையாக இருக்காது, ஏமாற்று வேலையும் இல்லை. போனால் என்ன நடக்கும் என்றால், முதல் நாள் கேட் பாஸ், பாதுகாப்பு வகுப்பு, தலையில் ஹெல்மெட், அப்புறம் தினம் ஒரு பிரிவாகக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். ஒரு முழு பாய்லர் டிரம்மையோ ஒரு ரயில் பெட்டியின் கூட்டையோ பக்கத்தில் நின்று பார்ப்பது சின்ன விஷயமில்லை, புத்தகத்தில் அரைப் பக்கம் படமாக இருந்தது மூன்று மாடி உயரத்தில் நிற்கும்போது மண்டையில் ஏதோ ஒன்று மாறும். ஆனால் உன் கையில் எதையும் கொடுக்க மாட்டார்கள். கொடுக்கவும் முடியாது, இரண்டு வாரத்தில் போகிற பிள்ளையை நம்பி எந்த சூப்பர்வைசர் ஒரு ஸ்பானரைக் கொடுப்பார்? ஆக இங்கே தப்பே செய்ய முடியாது, கண்டுபிடிக்கவும் எதுவும் இல்லை. இரண்டாம் வருட லீவில் போவதற்கு அருமையான இடம். மூன்றாம் வருடக் கோடையை, கடைசிக் கோடையை, இதில் முழுதாகச் செலவழிக்க வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பிள்ளைகளுக்கு நான் இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன், அவர்களுக்குப் பெரிய எந்திரங்களைப் பார்ப்பதிலேயே பாதிப் படிப்பு இருக்கிறது.

இனி அந்த ஈரோடு யூனிட். இதைச் சொன்னதும் அக்கா போனை வாங்கி, "ஏன்டா, மூணு வருஷம் ஃபீஸ் கட்டிப் படிக்க வெச்சது பட்டறைக்கு அனுப்பவா?" என்றாள். அக்காவுக்குச் சொன்ன பதில் என் சொந்தக் கதை.

2011 கோடையில் கோயம்புத்தூர் கணபதியில், சப்மெர்சிபிள் பம்புக்கு கன்ட்ரோல் பாக்ஸ் செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் ஆறு வாரம் இருந்தேன். வேறு எங்கும் கிடைக்கவில்லை, அதனால்தான். முதல் வாரம் ஸ்க்ரூ எண்ணினேன், கெப்பாசிட்டரை மதிப்பு வாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டேன், டீ வாங்கி வந்தேன். இதையும் மறைக்க வேண்டாம், சின்ன யூனிட்டுக்குப் போகிறவள் முதல் வாரம் அழுகிற மாதிரிதான் இருக்கும். மூன்றாவது வாரம் ஃபோர்மேன் அண்ணன் ஒரு சாக்குப்பையைக் கொண்டு வந்து என் முன்னால் கொட்டினார். வாடிக்கையாளர்களிடமிருந்து திரும்பி வந்த போர்டுகள், நூற்றுக்கு மேல் இருக்கும். "தம்பி, இது ஏன் செத்துப்போச்சுன்னு பாத்துச் சொல்லு." அவ்வளவுதான் பிராஜெக்ட் அறிமுகம். மல்டிமீட்டரோடு நாலு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, ரிலே (மோட்டாருக்குக் கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) போயிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். அவர் ஒரு போர்டை எடுத்து, ரிலேயின் ஒரு காலை மட்டும் சோல்டரிங் அயர்னால் தொட்டுவிட்டு, திருப்பிப் போட்டார், வேலை செய்தது. ரிலே நல்லாத்தான் இருக்கிறது, அதன் காலில் டிரை சோல்டர், அதாவது ஈயம் சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு, பம்பு ஓடும் அதிர்வில் விட்டு விட்டுத் தொடுகிறது. நான் நாலு நாளில் எழுதியதை அவர் நாலு நிமிடத்தில் தப்பு என்று காட்டினார். எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கச் சொன்னார். இரண்டாவது தடவை பார்க்கும்போதுதான், டிரை சோல்டர் வந்த போர்டுகள் பெரும்பாலும் ஒரே ஷிஃப்டில் செய்தவை என்பது தெரிந்தது, அந்த ஷிஃப்டில் அயர்ன் முனை தேய்ந்து போயிருந்தது. முனையை மாற்றினார்கள். நான் படித்து முடித்து முதல் வேலைக்குப் போன இன்டர்வியூவில் நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் இந்தச் சாக்குப்பையைப் பற்றித்தான் பேசினேன். அந்த யூனிட்டின் பெயரை அவர்கள் கேட்கவே இல்லை.

சின்ன இடத்தில் நல்லது எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது: உன் தப்பு அவர்களுக்குக் காசு. பதினெட்டு பேர் இருக்கும் இடத்தில் நீ ஒரு போர்டைக் கெடுத்தால் அன்று சாயங்காலமே முதலாளிக்குத் தெரியும், திட்டுவார், ஆனால் ஏன் கெட்டது என்றும் சொல்வார். தைரியம் இருந்தால் வாங்குவது, செய்வது, சோதிப்பது, பில் போடுவது, பணம் வராமல் முதலாளி தலையில் கை வைத்து உட்காருவது வரை எல்லாம் ஒரே ஹாலில் பார்க்கலாம். செலவுக் கணக்கும் இதற்குச் சாதகம்தான். அவள் வீடு பவானியில், ஈரோட்டுக்கு டவுன் பஸ், 2021 மேயிலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, மதியம் சாப்பாடு அங்கேயே, ஆக இரண்டு மாதத்துக்கு வீட்டிலிருந்து பெரிதாக ஒன்றும் போகாது.

குறைகளையும் சொல்லிவிட்டேன். சொல்லிக் கொடுக்க என்று தனியாக ஒரு ஆள் இருக்க மாட்டார், ஆர்டர் நெருக்கடி வந்தால் உன்னை பேக்கிங்கில் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் சேருவதற்கு முன்பே ஒரு முறை நேரில் போய், யாருக்குக் கீழே உட்காரப் போகிறாய், அவர் டிசைன் ஆளா சர்வீஸ் ஆளா, திரும்பி வந்த போர்டுகளை உனக்குக் காட்டுவார்களா என்று கேட்டுவிட வேண்டும். (கடைசிக் கேள்விக்கு முதலாளி சிரித்தால் நல்ல இடம், முறைத்தால் யோசிக்கலாம்.) பெண் பிள்ளை என்பதால் அக்கா கேட்ட கேள்விகளும் நியாயமானவை: அங்கே வேறு பெண்கள் வேலை பார்க்கிறார்களா, எத்தனை மணிக்கு விடுவார்கள், கழிப்பறை எப்படி. நேரில் போகும்போது அக்காவும் கூடவே போகலாம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இங்கே ஒரு கிளைப் பாதை இருக்கிறது, அவள் பட்டியலில் இல்லாதது. எம்.டெக், பிஎச்.டி என்று ஆசை இருக்கிற பிள்ளைகளுக்கு ஆராய்ச்சிக்கூடம்தான் சரி. ஐ.ஐ.டி மெட்ராஸ் வெளிக் கல்லூரி மாணவர்களுக்கென்றே கோடையில் இரண்டு மாத ஃபெலோஷிப் நடத்துகிறது, நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டமும் உண்டு, காரைக்குடி செக்ரி (மின்வேதியியல் ஆய்வகம்) மாதிரி மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர் ஆய்வகங்களிலும் மாணவர்கள் பிராஜெக்ட் செய்கிறார்கள். ஆனால் இதற்கெல்லாம் முந்தைய வருடக் கடைசியிலேயே வேலையை ஆரம்பிக்க வேண்டும், மே மாதம் யோசித்தால் ரயில் போய்விட்டது. மதிப்பெண்ணும் பார்ப்பார்கள். பேராசிரியருக்கு மெயில் போடுகிறவர்கள் "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டட்" என்று நூறு பேருக்கு ஒரே மெயிலை அனுப்பாமல், அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து அதில் புரியாத ஒரு இடத்தைப் பற்றிக் கேட்டு எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். கூடத்தில் உன்னைப் பார்க்கப்போவது பேராசிரியர் இல்லை, அவரிடம் பிஎச்.டி பண்ணும் அண்ணனோ அக்காவோதான், அது இன்னும் நல்லது, அவர்கள் ராத்திரி பத்து மணிக்கும் அங்கேதான் இருப்பார்கள்.

சரி, ஓ.எம்.ஆர் கம்பெனிக்கு வருவோம். ஆசை காட்டுகிற விஷயம் இதுதான், மற்ற மூன்றைவிடவும் நிதானமாகப் பார்க்க வேண்டியதும் இதுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் எட்டாம் செமஸ்டரில் 'பிராஜெக்ட் அல்லது இன்டர்ன்ஷிப்' என்று 10 கிரெடிட்டுக்கு வைத்திருக்கிறார்கள், தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் வசதிக்கு ஏற்றபடி வைத்துக்கொள்கின்றன. ஆக ஆறு மாதம் வெளியே போக இடம் இருக்கிறது. ஆனால் போகிற பிள்ளைக்குக் கம்பெனியில் ஒரு மேனேஜர், கல்லூரியில் ஒரு கைடு, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. கைடுக்கு மூன்று ரிவியூவும் ஒரு ரிப்போர்ட்டும் வேண்டும், கம்பெனி அங்கே செய்ததை வெளியே காட்டக் கூடாது என்று கையெழுத்து வாங்கிவிடும், கடைசியில் பிள்ளை கம்பெனியில் ஒன்றைச் செய்துவிட்டு வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வேறொன்றைக் காசு கொடுத்து வாங்குகிற கூத்து நடக்கிறது. பிட்ஸ் பிலானியில் 1973-லிருந்து 'பிராக்டிஸ் ஸ்கூல்' என்று ஒன்று நடக்கிறது, கடைசி வருடம் ஐந்தரை மாதம் தொழிற்சாலையில், அதற்குக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் பொறுப்பு, மதிப்பெண்ணும் அந்த வேலைக்குத்தான். அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1906-ல் ஹெர்மன் ஷ்னைடர் 27 மாணவர்களை வைத்து, வகுப்பு ஒரு வாரம் தொழிற்சாலை ஒரு வாரம் என்று மாற்றி மாற்றி அனுப்பியதுதான் இதற்கெல்லாம் மூத்த ஆரம்பம். அவ்வளவு தூரம் போவானேன், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி டெக்கில் ஐந்து வருட சாண்ட்விச் பி.இ (படிப்புக்கு நடுவே தொழிற்சாலைப் பயிற்சியும் சேர்ந்தது) இருக்கிறதே, படிக்கிற வளாகத்திலேயே பம்பும் மோட்டாரும் செய்கிற பட்டறையில் வேலை பழகுகிறார்கள். நம் பாலிடெக்னிக்குகளிலும் மூன்றரை வருட சாண்ட்விச் டிப்ளமோ உண்டு, அந்தப் பிள்ளைகள் இன்டர்வியூவுக்கு வந்தால் வெர்னியர் அளவுகோலைப் பிடிக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும்.

அவளுக்கு இந்த ஏற்பாடெல்லாம் இல்லை, அதனால் ஓ.எம்.ஆர் கம்பெனியிடம் எழுத்தில் வாங்க வேண்டியது சில இருக்கிறது. எந்த டீம் என்பது முதலில். இ.சி.இ படித்த பிள்ளையை இன்டர்ன் என்று எடுத்து ஆறு மாதம் வாடிக்கையாளர் புகார்களை ('டிக்கெட்') முடித்து வைக்கும் சப்போர்ட் வேலையில் உட்கார வைப்பது சாதாரணமாக நடக்கிறது. 'திறமையைப் பொறுத்து வேலை' என்று ஆஃபர் லெட்டரில் இருந்தால் அதற்கு அர்த்தம் வேலை உறுதியில்லை என்பதுதான், போன வருடம் எத்தனை இன்டர்ன் வந்தார்கள், எத்தனை பேரை வைத்துக்கொண்டார்கள் என்று சீனியர்களிடம் கேட்டால் உண்மை தெரியும், ஹெச்.ஆரிடம் கேட்டால் புன்னகை கிடைக்கும். பாண்ட் (இத்தனை காலம் வேலையை விட மாட்டேன் என்ற ஒப்பந்தம்) இருக்கிறதா, ஒரிஜினல் மார்க் ஷீட் கேட்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதே கண்ணு, இதில் பேச்சே கிடையாது. அப்புறம் அந்த 12,000. ஓ.எம்.ஆர் பக்கம் மூன்று பேர் பங்குபோடும் ஹாஸ்டல் அறை சாப்பாட்டோடு 8,000 என்று வைத்துக்கொள், பஸ், போன், மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்து போவது, மிச்சம் ஒன்றும் நிற்காது, கையைக் கடிக்காமல் இருந்தால் பெரிய விஷயம். இவ்வளவும் சரியாக இருந்தால் கட்டாயம் போகலாம், ஆறு மாதம் ஒரே டீமில் இருப்பதில் இரண்டு மாதத்தில் கிடைக்காத ஒன்று இருக்கிறது: நீ பிப்ரவரியில் எழுதியது மே மாதம் உடையும், அதை நீயே சரி செய்வாய்.

இது எட்டாம் செமஸ்டர் விஷயம் என்பதால் கோடையோடு இதற்குச் சண்டையே இல்லை, ஒன்றை எடுத்தால் மற்றது போகும் என்று அவளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் அக்கா வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டார், டிவியில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் என்று பார்த்தாராம், மாதம் 5,000 தருகிறார்களாமே என்று. 2024 அக்டோபரில் அது தொடங்கியபோது வைத்த விதிப்படி 21 முதல் 24 வயது, முழுநேரமாகப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது, ஆக அந்த விதியில் இவளுக்கு இடமில்லை. படித்து முடித்து வேலை கிடைக்காவிட்டால் அதைவிட எனக்குப் பிடித்தது பழைய அப்ரண்டிஸ்ஷிப்தான். 1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டம், அதில் பட்டதாரிகளுக்கு ஒரு வருடப் பயிற்சி, தெற்கு மண்டலத்துக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம் தன் ஆள் எண்ணிக்கையில் இரண்டரை சதவீதத்துக்குக் குறையாமல் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். 2019 விதிகளில் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000, பாதி மத்திய அரசின் பங்கு, இதை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று 2025 மேயில் பரிந்துரை வந்தது. நெய்வேலியிலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகம் வரை எடுக்கிறார்கள், பெரும்பாலும் பட்டப்படிப்பு மதிப்பெண் வரிசைதான். முடித்ததும் வேலை தந்தாக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை, இதை மறந்துவிட்டு "அப்ரண்டிஸ் முடிச்சா கவர்ன்மென்ட் வேலை" என்று நம்பி உட்கார்ந்த பையன்களை எனக்குத் தெரியும். ஒரு வருட அனுபவச் சான்றாக எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை. ஆனால் அது அடுத்த வருடக் கவலை.

வியாழக்கிழமை அவளும் அக்காவும் ஈரோட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அங்கே நாலு பெண்கள் போர்டு அசெம்பிளியில் இருக்கிறார்கள், சாயங்காலம் ஐந்தரைக்கு விட்டுவிடுவார்கள், திரும்பி வந்த போர்டுகளைப் பற்றிக் கேட்டதற்கு முதலாளி சிரித்துக்கொண்டே ஒரு இரும்பு பீரோவைத் திறந்து காட்டினாராம், நிறைய இருக்கிறதாம். ஓ.எம்.ஆர் கம்பெனிக்கு எந்த டீம் என்று கேட்டு மெயில் போட்டிருக்கிறாள், பதில் இன்னும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி போன். டிபார்ட்மென்டில் கம்பெனி லெட்டர்பேடில் சம்மதக் கடிதம் கேட்கிறார்களாம், முதலாளியிடம் லெட்டர்பேடே கிடையாதாம், "பில் புக் இருக்கு பாப்பா, அதுல எழுதி சீல் அடிச்சுத் தரட்டுமா?" என்கிறாராம். அதையே வாங்கி ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், கையோடு, இவள் எங்கள் மாணவிதான் என்று கல்லூரி தரும் ஒரு போனஃபைடு லெட்டரும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.